தண்ணீரின் மேல் போட்ட பழி

எங்கள் பாடசாலையில் திங்கட்கிழமைக் காலைக் கூட்டம் முடிந்ததும் மாணவர்களின் தலைமுடியைப் பார்ப்பது என் வேலை. ஒழுக்கத்துக்குப் பொறுப்பான ஆசிரியர் என்று ஒரு பெயர். காதுக்கு மேலே முடி இறங்கியிருந்தால், பக்கவாட்டில் கோடு போட்டு வெட்டியிருந்தால், நெற்றியில் குருவிக்கூடு கட்டியிருந்தால் வரிசையிலிருந்து இழுத்து வெளியே விடவேண்டும். என் தலையில் பார்ப்பதற்கு அதிகம் ஒன்றுமில்லாததால்தான் அதிபர் இந்த வேலையை என்னிடம் தந்தார் என்று சக ஆசிரியர்கள் பகிடி பண்ணுவார்கள். நானும் சிரித்துக்கொள்வேன். ஆசிரியர் கலாசாலையில் படித்த நாளிலேயே என் முன்நெற்றி பின்வாங்கத் தொடங்கிவிட்டது. வாப்பாவுக்கும் அப்படித்தான். வாப்பாவின் வாப்பாவுக்கும் அப்படித்தான் என்று சொல்வார்கள்.

2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. ஏழாம் தரத்துப் பையன் ஒருவன் வெள்ளைத் தொப்பியைக் காதுவரை இழுத்துப் போட்டுக்கொண்டு வரிசையின் கடைசியில் நின்றான். தொப்பி போடுவது எங்கள் பாடசாலையில் குற்றமில்லை. ஆனால் முடி பார்க்கும்போது எல்லோரும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார்கள். இவன் கழற்றவில்லை.

"தொப்பியக் கழட்டு."

"ஏலாது சேர்."

"ஏன் ஏலாது?"

பதில் இல்லை. தலையைக் குனிந்துகொண்டான். இருநூறு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பையன் ஏலாது என்று சொல்வதை அத்தனை பேர் முன்னிலையில் கேட்டுக்கொண்டு நிற்க எனக்கு முடியவில்லை. நானே கையை நீட்டித் தொப்பியை எடுத்தேன்.

உச்சிக்குப் பின்னால் ஒன்றும், காதுக்கு மேலே ஒன்றுமாக இரண்டு வட்டங்கள். ஐந்து ரூபாய்க் குற்றியளவு இருக்கும். ஒரு முடிகூட இல்லாமல், வழவழவென்று, கண்ணாடி மாதிரி. பின்வரிசையில் யாரோ, "கரப்பான் தின்ட தலை" என்றான். வரிசை முழுக்கச் சிரித்தது. நான் சிரிப்பை அடக்கினேன். ஆனால் செய்ததைத் திரும்ப எடுக்க முடியுமா? போதாக்குறைக்கு, இது படர்தாமரை, மற்றப் பிள்ளைகளுக்கும் தொற்றிவிடும் என்று நானே முடிவு கட்டி, 'சுகப்படுத்திக்கொண்டு பாடசாலைக்கு அனுப்பவும்' என்று அவனுடைய கொப்பியில் சிவப்பு மையால் எழுதி வீட்டுக்கு அனுப்பினேன்.

பத்து நாளாகியும் அவன் வரவில்லை.

*

பதினோராம் நாள் அவனுடைய வீட்டைத் தேடிப் போனேன். பனைகளுக்கு அந்தப் பக்கம், கடலைப் பார்த்த மணலில் இருந்தது வீடு. வாப்பா கடலுக்குப் போயிருந்தார். பையன் உள்ளே பாயில் குப்புறப் படுத்திருந்தான். தலையில் துணி. உம்மம்மா துணியை விலக்கிக் காட்டினார். வழவழப்பாக இருந்த அந்த இரண்டு வட்டமும் இப்போது கொப்புளம் உடைந்து, சிவந்து, நீர் வடிந்துகொண்டிருந்தன.

"புழுவெட்டு சேர். புழுதானே முடியத் தின்னுது. வெள்ளப்பூண்ட அரச்சு வச்சுக் கட்டினாப் புழு சாகும் என்டாங்க. ராவு முழுக்க வச்சுக் கட்டினேன். நீங்களும் சுகப்படுத்தி அனுப்பச் சொல்லி எழுதியிருந்தீங்களே" என்றார்.

அந்தக் கடைசி வசனம் எனக்காகச் சொல்லப்பட்டதல்ல. அவர் கள்ளங்கபடமில்லாமல்தான் சொன்னார். ஆனால் அது போய்ப் பட்டது என்னிடந்தான். பச்சைப் பூண்டை அரைத்து மணிக்கணக்கில் தோலில் கட்டிவைத்தால் நெருப்புப் பட்டதுபோல் பொத்துவிடும் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளையின் தலையில் பூண்டை வைத்தது உம்மம்மாவின் கை. வைக்கச் சொல்லி அவசரப்படுத்தியது என் சிவப்பு மை.

அடுத்த நாள் பையனையும் அவனுடைய உம்மாவையும் கூட்டிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போனேன். தோல் கிளினிக்கில் ஓர் இளம் டொக்டர். முதலில் புண்ணுக்கு மருந்து கட்டினார். பிறகு ஒரு பூதக்கண்ணாடியை வைத்து வட்டத்தின் ஓரத்தை நெடுநேரம் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். ஓரத்தில் குட்டையான சில முடிகள் நின்றன. மேலே தடித்து, அடியில் மெலிந்து, நாங்கள் கரும்பலகையில் எழுதும் ஆச்சரியக்குறி மாதிரி.

"இது படர்தாமரை இல்லை சேர். படர்தாமரை என்றால் செதில் இருக்கும், முடி முறிந்து நிற்கும், அரிக்கும். அது பங்கசால் வருவது, தொற்றும். அதற்குப் பூச்சுமருந்து மட்டும் காணாது, சில வாரத்துக்குக் குளிசை குடிக்கவேண்டும். இது வேறு. இதில் புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. யாருக்கும் தொற்றாது. நம்முடைய உடம்பின் காவற்காரர்களே மயிர்க்கால்களை அந்நியர் என்று நினைத்துத் தாக்குகிறார்கள். அவ்வளவுதான்."

அந்நியர் என்று நினைத்து என்ற சொல் என்னை என்னவோ செய்தது. அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

உலகில் நூறு பேரில் ஏறத்தாழ இரண்டு பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இந்த வட்டம் விழுகிறதாம். சிறுவயதிலும் இளவயதிலும் தொடங்குவது அதிகம். வேர் செத்துப்போவதில்லை, உறங்கிப்போகிறது. ஒன்றிரண்டு வட்டத்தோடு நிற்பவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு வருடத்துக்குள் முடி தானாகவே முளைத்துவிடும். பெரியவர்களுக்கு அந்த இடத்தில் ஸ்டீரோயிட் ஊசி ஏற்றுவார்கள், பிள்ளைகளுக்குப் பூச்சுமருந்து. சிலருக்குத் தலை முழுவதும், புருவமும் இமையும்கூட உதிர்ந்துவிடுவதுண்டு. அவர்களுக்கென்று குடிக்கும் மருந்துகள் 2022 முதல் மேல்நாடுகளில் அங்கீகரிக்கப்பட்டு வருகின்றன. விலை நம்மால் எட்டிப்பார்க்க முடியாதது.

அதே 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒஸ்கார் விழா மேடையில் ஒரு நடிகர் மற்றொருவரைக் கன்னத்தில் அறைந்ததை எங்கள் பையன்கள் எல்லோரும் தொலைபேசியில் பார்த்திருந்தார்கள். மனைவியின் மொட்டைத்தலையை மேடையில் பகிடி பண்ணினார் என்பதற்காகத்தான் அந்த அடி. அவருக்கும் முடி உதிரும் நோய்தான். அடித்தது சரியென்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அந்த அடியைப் பற்றி என் வகுப்பில் ஒரு கிழமை பேச்சு நடந்தது. அந்தப் பெண்ணுக்கு என்ன நோய் என்று ஒருவனும் கேட்கவில்லை. நானும் சொல்லிக்கொடுக்கவில்லை.

*

கிளினிக்கில் கூட்டம் குறைந்திருந்தது. டொக்டர் பேசக்கூடியவராக இருந்தார். ஆசிரியன் என்பதால் எனக்கும் கேட்கும் புத்தி. ஏன் டொக்டர், இங்கே பெண்பிள்ளைகள் எல்லோரும் முடி கொட்டுகிறது என்கிறார்களே, கிணற்று உப்புத்தண்ணீராலா என்று கேட்டேன். மன்னார்த் தீவில் இந்தக் கேள்வியைக் கேட்காத வீடு இல்லை.

அவர் சொன்னதை என் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலச் சுருக்கிச் சொல்கிறேன். நம் தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொரு முடிக்கும் தனித்தனி நாட்காட்டி. இரண்டிலிருந்து ஆறு வருடம்வரை வளரும், மாதம் ஒரு சென்ரிமீற்றர் கணக்கில். பிறகு இரண்டு மூன்று கிழமை வளர்ச்சியை நிறுத்தும். பிறகு மூன்று மாதமளவில் சும்மா இருந்துவிட்டு விழும். விழுந்த இடத்தில் புதியது வரும். நூறில் எண்பத்தைந்து தொண்ணூறு முடி எப்போதும் வளர்ந்துகொண்டிருக்கும், மிச்சம் ஓய்வில் இருக்கும். ஆகவே நாளொன்றுக்கு ஐம்பதிலிருந்து நூறு முடி விழுவது நோயல்ல. நாளும் தலை வாராதவர்கள் வாரும் அன்று மொத்தமாகக் கண்டு பயந்துபோகிறார்கள்.

உப்புத்தண்ணீர் வேரை ஒன்றும் செய்வதில்லை. நம் தீவின் கிணறுகளில் மணலுக்குள் மழைநீர் கடல்நீருக்கு மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே வரும். அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது, மாவு மாதிரித் திரிந்து முடியில் படியும். முடி முரடாகும், சிக்கும், வாரும்போது அறும். அறுவது வேறு, உதிர்வது வேறு. விழுந்த முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள் என்றார். நுனியில் வெள்ளையாக ஒரு சிறு குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்தது. குமிழ் இல்லாவிட்டால் நடுவில் அறுந்தது. சங்கு குளிக்கப் போகிறவர்களுக்குத் தலை செம்பட்டையாகிக் காய்ந்திருக்குமே தவிர, கடல் யாரையும் மொட்டையாக்குவதில்லை.

"அப்போ திடீரென்று கொத்துக்கொத்தாகக் கொட்டுவது?"

"உடம்புக்கு ஒரு பெரிய அடி விழுந்தால் நடப்பது அது. கடுங்காய்ச்சல், பிரசவம், சத்திரசிகிச்சை, பட்டினி, தாங்கமுடியாத துக்கம், பயம். அந்த நேரத்தில் உடம்பு உயிரைத்தான் பார்க்கும், முடியைப் பார்க்காது. வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் ஒரு பெரும்பங்கு ஒரேயடியாக ஓய்வுக்குப் போய்விடும். ஆனால் உடனே விழாது. இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் விழும். அதனால் யாருக்கும் காரணம் விளங்குவதில்லை. காய்ச்சல் மறந்துபோயிருக்கும். அன்றைக்குப் பாவித்த ஷாம்புவை, குடிக்கிற தண்ணீரைக் குற்றம் சொல்வார்கள். கொரோனாவுக்குப் பிறகு எத்தனை பேர் அப்படி வந்தார்கள் தெரியுமா? சிக்குன்குன்யாவுக்குப் பிறகும் அப்படித்தான்."

2006 கடைசியில் சிக்குன்குன்யா நம் கரையெல்லாம் படுத்தபோது முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். ஆனால் டொக்டர் இதைச் சொன்னபோது என் நினைவு அங்கே போகவில்லை. என்னையறியாமல் விரல்விட்டு எண்ணினேன். நவம்பர். டிசம்பர். ஜனவரி.

*

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் கடைசி. எனக்குப் பத்து வயது. மன்னார்த் தீவின் முஸ்லிம் ஊர்கள் எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கியில் ஒரே கட்டளை வந்தது. சொன்ன நாளுக்குள் போய்விடவேண்டும். துப்பாக்கியோடு நின்று சொன்னவர்கள் யார், ஏன் சொன்னார்கள் என்பதெல்லாம் இந்த ஏட்டைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அந்த ஒக்டோபரில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேர் அப்படி வெளியேற்றப்பட்டோம். எங்கள் ஊரவர் படகுகளில் கற்பிட்டிக்குப் போனோம். மழைக்காலக் கடல். உம்மாவின் மடியில் தங்கை, தலைக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. உம்மா கரையைத் திரும்பிப் பார்க்கவில்லை. கிணற்றடியில் கொடியில் காயப்போட்டிருந்த துணியை எடுக்க மறந்துவிட்டேன் என்று மட்டும் இரண்டு தரம் சொன்னார்.

உம்மாவுக்கு அப்போது முப்பத்தேழு வயது. இடுப்புக்குக் கீழே இறங்கும் தலைமுடி. வெள்ளிக்கிழமைகளில் வெந்தயம் அரைத்துப் பூசி, எங்கள் வளவுக் கிணற்றில் முழுகிவிட்டு, வேப்பமரத்தடியில் நின்று உலர்த்துவார். உம்மம்மா பின்னால் நின்று கோதிவிடுவார். அந்த மரத்தடியும் ஈரமுடியின் மணமும்தான் எனக்கு ஊர்.

புத்தளத்தில் கிடுகுக் கொட்டில். காய்ச்சல். வரிசையில் நின்று வாங்கும் நிவாரண அரிசி. 1991 ஜனவரி பிறந்து சில நாளில் உம்மாவின் தலைமுடி கொட்டத் தொடங்கியது. தலையணைத் துணியில், தங்கையின் கையில், சீப்பில், கொத்துக்கொத்தாக. உம்மா அதையெல்லாம் சுருட்டிக் கொட்டிலின் கிடுகு இடுக்கில் செருகிவைப்பார். "இந்தப் புத்தளத்துத் தண்ணி என்ட தலைக்கு ஒத்துக்கொள்ளல்ல" என்பார். முகாமில் இருந்த பெண்கள் நிறையப் பேர் அதையேதான் சொன்னார்கள். தண்ணீர்தான். தண்ணீர்தான்.

இனி எழுதப்போவது நான் இதுவரை யாரிடமும் சொல்லாதது. ஒருநாள் மத்தியானம் சோற்றுக் கோப்பையில் நீளமாக ஒரு முடி கிடந்தது. முந்தின நாளும் கிடந்தது. நான் "சீ" என்று கோப்பையைத் தள்ளிவிட்டேன். சோறு மணலில் கொட்டியது. வரிசையில் நின்று வாங்கிய அரிசி. உம்மா ஏசவில்லை, அடிக்கவில்லை. கொட்டின சோற்றை மேலால் அள்ளி ஒருபக்கம் வைத்துவிட்டு, தன்னுடைய பங்கை என் முன்னால் நகர்த்தினார். அன்று பின்னேரம் பக்கத்துக் கொட்டிலில் கத்தரிக்கோல் இரவல் வாங்கித் தோள்மட்டத்துக்கு முடியை வெட்டிக்கொண்டார். அதன் பிறகு சமைக்கும்போது தலையை இறுக்கிக் கட்டுவார். எங்களுக்கு முன்னால் தலை வாரியதே இல்லை.

சில கிழமை கழித்து முகாமுக்கு ஒரு மருந்துக்காரர் வந்தார். போத்தலில் பச்சை எண்ணெய். மூன்று மாதத்தில் முடி வளரும் என்றார். மிஞ்சியிருந்த ஒரு சோடிக் காதுப்பூவை விற்று உம்மா இரண்டு போத்தல் வாங்கினார். ஆச்சரியம், முடி வளர்ந்தது. நோன்புப் பெருநாள் கழிந்து சில நாளில் நெற்றி ஓரத்தில் குட்டிக்குட்டியாகப் புது முடி. முகாம் முழுக்க அந்த எண்ணெய்க்கு நல்ல பெயர். இன்னும் எத்தனை காதுப்பூ போனதோ!

அந்தக் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தபோதுதான் முப்பத்திரண்டு வருடத்துக்குப் பிறகு எனக்கு அந்தக் கணக்கு விளங்கியது. ஒக்டோபர் கடைசியில் அடி, ஜனவரியில் உதிர்வு. அடி ஓய்ந்து, உடம்பு கொஞ்சம் சாப்பாடு கண்டால், ஆறு மாதமளவில் முடி தானாகத் திரும்பிவரும். எண்ணெய் பூசினாலும் வரும், பூசாவிட்டாலும் வரும். தானாக ஆறும் நோய்களில்தான் பொய் மருந்துகள் பேர் வாங்குகின்றன. மருந்துக்காரர் நாள் பார்த்து வந்தவர் அல்ல. ஆனால் அவர் வந்த நாள் அவருக்குச் சரியாக வாய்த்தது.

*

இதைப் படிக்கும் சகோதரிகளுக்கும் சகோதரர்களுக்கும், கேட்டும் படித்தும் சரிபார்த்துக்கொண்ட சிலவற்றை ஆசிரியன் என்ற உரிமையில் சொல்லவேண்டும்.

தலையை மூடுவதால் முடி கொட்டுகிறது என்று சிலர் பேசுகிறார்கள். மூடுவதால் வேருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஈரத்தலையை அப்படியே முடிந்து, மேலே துணியைக் கட்டிக்கொண்டு பாடசாலைக்கு ஓடிவருவதுதான் பிழை. ஈரமுடி இழுபட்டால் சீக்கிரம் அறும். உள்ளே புழுங்கிப் பொடுகும் கூடும். அதைவிடப் பெரிய பிழை, நெற்றித் தோல் இழுபடும் அளவுக்கு இறுக்கிப் பின்னுவதும் கொண்டை போடுவதும். வருடக்கணக்காக இழுத்தால் நெற்றி ஓரமும் காதோரமும் வெளித்துவிடும், நாட்பட்டால் திரும்பாது. தளர்த்திக் கட்டினால் போதும். ஒழுக்கம் கெட்டுப்போகாது. ஒழுக்கத்துக்குப் பொறுப்பான ஆசிரியன் நானே சொல்கிறேன்.

ஏழாம் நாள் அகீகாவில் பிள்ளைக்கு முடி இறக்குகிறோம். அந்த முடியின் எடைக்கு வெள்ளி தருமம் கொடுப்பதுதான் அதில் உள்ள நன்மை. மழித்தால் அடர்த்தியாக வரும் என்று பிறகும் பிறகும் பெண்பிள்ளைகளை ஒஸ்தாவிடம் கூட்டிப்போய் மொட்டையடிக்கிறார்களே, அதில் பயனில்லை. முடி பிறப்பது தோலுக்குக் கீழே. கத்தி போவது தோலுக்கு மேலே. வெட்டிய நுனி மொட்டையாக இருப்பதால் தடித்ததுபோலத் தெரிகிறது, அவ்வளவுதான்.

தேங்காயெண்ணெய் நல்லது. முடித்தண்டைக் காக்கும், அறுவதைக் குறைக்கும். ஆனால் புது முடியை முளைக்கவைக்காது. உவர்க்கிணற்றுத் தண்ணீருக்குச் சவர்க்காரத்தைவிட ஷாம்பு நல்லது. கடைசி வாளியாவது மழைநீரோ நல்ல தண்ணீரோ ஊற்றினால் இன்னும் நல்லது. பேனுக்கு மண்ணெண்ணெய் வேண்டாம். அடுப்படியில் தீப்பிடிக்கும், தோலும் பொத்தும். ஈரத்தலையில் பேன்சீப்பைப் பொறுமையாக வாருங்கள், அல்லது பாமசியில் பேன் மருந்து கேளுங்கள். மருதோன்றி பாதுகாப்பானது. ஆனால் கன்னங்கரேலென்று உடனே பிடிக்கும் 'கறுப்பு மருதோன்றி' மருதோன்றியல்ல, அதில் கலந்திருப்பது முடிச்சாயத்தின் இரசாயனம். முகம் வீங்கிக் கண் மூடுமளவுக்குச் சிலருக்கு ஒவ்வாமை வரும். எழுத்தில்லாத போத்தலை யார் தந்தாலும் தலையில் வைக்காதீர்கள்.

பெண்களுக்கு மாதக்கணக்காகக் கொட்டினால் இரத்தம் சோதியுங்கள். இரும்புச்சத்துக் குறைவும் தைரொயிட் கோளாறும் முடியிலும் முகம் காட்டும். 2022இல் விலைவாசி ஏறியபோது மீன்பிடிக்கும் கரையிலேயே மீன் வாங்கமுடியாமல், பிள்ளைகளுக்கு வைத்துவிட்டுச் சட்டியை வழித்துத் தின்ற தாய்மார் எத்தனை பேர்! அவர்களுக்கு வேண்டியது ஷாம்பு அல்ல, சாப்பாடு. பயோட்டின் குளிசை இப்போது நாகரிகமாகிவிட்டது. குறைபாடு இல்லாதவருக்கு அதனால் பயனில்லை. அதைக் குடித்துக்கொண்டு தைரொயிட் சோதித்தால் முடிவும் பிழையாக வரலாம், டொக்டரிடம் சொல்லிவிடவேண்டும்.

என்னுடையது போன்ற பரம்பரை வழுக்கைக்கும் மருந்து உண்டு. மினொக்சிடில் முதலில் இரத்த அழுத்தத்துக்கு வந்த மருந்து. அதைக் குடித்தவர்களுக்கு முடி வளர்ந்ததைக் கண்டு, தலையில் பூசும் மருந்தாக்கி 1988இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். பூசுமட்டும் பயன் தரும், விட்டால் பழையபடி. நான் பூசவில்லை. என் தலை எனக்குப் பழகிவிட்டது. ஆனால் பூச நினைக்கிற இளைஞனைப் பகிடி பண்ணவும் மாட்டேன். வட்டமாக விழுந்தால், செதிலோ சீழோ இருந்தால், பிள்ளைகளுக்கு வந்தால், தாமதிக்காமல் டொக்டரிடம் காட்டுங்கள்.

*

நாங்கள் 2010இல் ஊருக்குத் திரும்பினோம். பழைய வளவில் வீடு இல்லை, வேப்பமரமும் இல்லை. கிணறு மட்டும் தூர்ந்து கிடந்தது. இறைத்துத் துப்புரவாக்கினோம். தண்ணீர் உவர்த்துவிட்டது. உம்மா இன்றும் அதில்தான் உளூ எடுக்கிறார்.

கிளினிக்கால் வந்த அன்று இரவு அவருடைய கட்டிலில் போய் உட்கார்ந்தேன். தலைமுடி முழுக்க வெளுத்து, விரலளவு தடிப்பில் ஒரு பின்னல். டொக்டர் சொன்னதெல்லாம் சொன்னேன். புத்தளத்துத் தண்ணீரில் பிழை இல்லை உம்மா, வந்த பாடுதான், மூன்று மாதம் கழித்துத்தான் அது தலையில் தெரியுமாம் என்றேன்.

உம்மா கொஞ்சநேரம் சும்மா இருந்தார். பிறகு சொன்னார்: "அது எனக்குத் தெரியாதா மகன்? எங்களுக்கு இடம் தந்த ஊரில இருந்துகொண்டு, ஊர நினச்சு அழுதா அவங்கட மனம் நோகும். அனுப்பினவங்கள ஏசினா, பின்னால ஊர்ப்பக்கம் போகேலாம ஆகிடும் என்டு பயம். வாப்பாக்கிட்ட சொன்னா அவர் இன்னும் உடஞ்சிடுவார். தண்ணிய ஏசினா யாருக்கும் கோவம் வராது."

அந்தச் சோற்றுக் கோப்பையைப் பற்றிக் கேட்டேன். நினைவிருக்கிறதா என்று.

"எந்தச் சோறு?" என்றார்.

மறந்துவிட்டாரா, மறந்ததாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் சீப்புக் கிடந்தது. எடுத்து அவருடைய கையில் கொடுத்தேன். அவர் பின்னலை அவிழ்த்து என் முன்னாலேயே வாரினார். சீப்பில் நான்கைந்து முடி வந்தது. வழக்கம்போலச் சுருட்டினார்.

*

அடுத்த திங்கட்கிழமைக் கூட்டத்தில் நான் முடி பார்க்கவில்லை. அதற்குப் பதிலாக, படர்தாமரை வேறு, புழுவெட்டு வேறு, ஒரு மனிதனுக்குத் தன்னுடைய உடம்பே தன்னை அந்நியமாக நினைத்துவிட்டால் என்ன நடக்கும் என்று பத்து நிமிடம் பேசினேன். பிறகு, சென்ற கிழமைகளில் ஒரு மாணவனின் தொப்பியை நான் எடுத்தது பிழை என்றும் சொன்னேன். சொல்லும்போது குரல் ஒருமாதிரி வந்தது. பிள்ளைகள் சிரிக்கவில்லை.

பையன் அதற்கடுத்த கிழமை வந்தான், தொப்பியோடு. அதை யாரும் எடுக்கவில்லை. பூண்டுப்புண் ஆறிய இடத்தில் ஒரு தழும்பு நின்றுவிட்டது. அதில் முடி வராது என்றார் டொக்டர். தழும்பு சிறியது. மற்ற இடத்தில் நவம்பர் அளவில் பஞ்சுபோல வெள்ளை முடி முளைத்தது. வெள்ளையாக வருவதும் வழமைதானாம், பிறகு கறுக்கும். கறுத்தது. 2024இல் கழுத்துப் பக்கம் இன்னொரு வட்டம் விழுந்தது. இந்த நோய் போய்ப்போய் வரும் என்று டொக்டர் முதலிலேயே சொல்லியிருந்ததால் வீட்டில் யாரும் பூண்டைத் தேடவில்லை. நேரே கிளினிக்குக்குப் போனார்கள்.

முதன்முதல் புண்ணுக்கு மருந்து கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்ற நேரம் அவன் என்னிடம் கேட்டான்: "சேர், இது நான் செஞ்ச ஏதும் பிழையாலயா வந்த?"

"இல்ல மகன். நீ ஒண்டும் செய்யல்ல" என்றேன்.

1991இல் அந்தக் கொட்டிலில் ஒருவர் என் உம்மாவிடம் இந்த ஒரு வசனத்தைச் சொல்லியிருந்தால் போதும், ஒரு சோடிக் காதுப்பூ மிஞ்சியிருக்கும்.